நியமனம் என்ற சொல்லை வைத்து என்னை மடக்கிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு டீக்கடையில் நின்றபோது நீங்கள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "கவர்னரை டெல்லி நியமிக்கக் கூடாதுன்னு கத்துற. மாநகராட்சியில உங்க ஆட்சி நியமன உறுப்பினர் போட்டா மட்டும் கை தட்டுற. என்னடா நியாயம் இது?" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் உதயசூரியன், நீங்கள் இரட்டை இலை. அதை மறைத்துக்கொண்டு பேசப் போவதில்லை.

2021ல் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். அந்தச் சட்டமன்றத்துக்கு ஆளுநர் ஆர்.என். ரவி 2023 நவம்பரில் 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் பற்றியவை. அதில் இரண்டு, 2020ல் உங்கள் ஆட்சியில் நிறைவேறியவை அண்ணே! அதே மாதம் 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள். அப்போதும் கையெழுத்துப் போடாமல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். அது செல்லாது, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் சொன்னதை நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள். சரி. காலவரையில்லாமல் கிடப்பில் போட முடியாது என்று சொன்னதும் அதே ஐந்து பேர்தான்.

இது புதுக்கதையும் இல்லை. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீ பிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டது சும்மா இல்லை.

இப்போது மாநகராட்சிக்கு வருகிறேன். எங்கள் தெரு அக்காவை உங்களுக்குத் தெரியும், மூன்று சக்கர ஸ்கூட்டரில் போவாரே, அவர்தான். வடிகால் வேலைக்கு வெட்டிய பள்ளத்தை மூடச் சொல்லி மனு கொடுக்க ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். சாய்தளம் இருந்தது. அதன் வாயிலேயே நான்கு பைக்குகள் நின்றன. யாருடையது என்று விசாரித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும் போலிருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். மனுவைப் பல்லில் கடித்திருந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது சேலை ஓரமெல்லாம் சேறு. மனுவை வாங்கியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படிப் படியேறியவர்கள் மன்றத்துக்குள்ளேயே உட்கார வேண்டும் என்றுதான், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக நியமிக்கும் மசோதா 2025 ஏப்ரலில் வந்தது. மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சிகளில் அப்போது இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வெறும் 35 பேர். நியமனத்தால் அது சுமார் 650 ஆகும் என்றும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் வருவார்கள் என்றும் அரசு சொன்னது. இவர்களுக்கு மன்றத்தில் ஓட்டு கிடையாது. நகராட்சி, மாநகராட்சி நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்று அரசியல் சட்டத்தின் 243ஆர் பிரிவே சொல்கிறது. எழுந்து பேசலாம், கேள்வி கேட்கலாம். நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலரின் எந்தத் தீர்மானத்தையும் இவர்களால் நிறுத்திவைக்க முடியாது. ஆளுநரால் முடிகிறது. என் பதில் இவ்வளவுதான் அண்ணே. அன்று வாயில் வரவில்லை.

இந்தப் பதவியை ஒரு வட்டச் செயலாளர் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தால், எங்கள் கட்சியாகவே இருந்தாலும், உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன்.

2025 ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள். அக்காவுக்குப் படிவம் நிரப்பியது நான். அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுக்க உங்கள் கடைக்குத்தான் வந்தோம். அவரை இறங்க விடாமல் நீங்களே ஸ்கூட்டர் வரைக்கும் வந்து வாங்கிக்கொண்டு போனீர்கள், காசும் வாங்கவில்லை. எதற்கு என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. இதற்குத்தான் அண்ணே.

அன்புடன்,
தம்பி