கிரவுட் போட்டதோடு பையைக் கட்டாதீர்கள்

மலைநாட்டு ஊர்களில் டைல்ஸ் விற்கும் முதலாளிமாருக்கும், அதைப் பதித்துக் கொடுக்கும் பாஸ்மாருக்கும்,

வணக்கம்.

போன கிழமை எங்கள் பக்கத்து வீட்டில் டைல்ஸ் வேலை முடிந்தது. சித்திரை வருசத்துக்கு முன்பே முடித்துத் தருவதாகப் பேசிய வேலை, வருசம் போய்ப் பத்து நாள் கழித்து முடிந்தது. அதை விடுங்கள், அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். டைல்ஸுக்கு இடையிலுள்ள கோடுகளை நிரப்பும் கிரவுட்டைக் காலையில் போட்ட பாஸ், பின்னேரம் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, சாமான்களைக் கழுவிப் பையில் வைத்தார். "நாளைக்கே சமைக்கலாம் அக்கா" என்றார். கிரவுட் தண்ணீர் குடிக்காமல் இருக்க அதன் மேல் பூசும் திரவம்தான் சீலர். அங்கே நின்ற நான், "சீலர் பூச எப்போ வருவீங்க பாஸ்?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் ஹோட்டல்காரங்களுக்குத் தம்பி."

அந்தச் சிரிப்புத்தான் இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்ததும் குசினிக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் போடவேண்டும் என்றார். லயக் காம்பராவில் பிறந்து, லயக் காம்பராவிலேயே எங்களையும் வளர்த்தவர். தனி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

டைல்ஸ் கடையில் நல்ல கவனிப்பு. உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். வெட்டும்போது உடையும், பத்து வீதம் கூட வாங்குங்கள் என்று மறக்காமல் சொன்னார்கள். கிரவுட்டில் பல நிறம் காட்டினார்கள். அம்மா வெள்ளையைத் தொட்டார், "நல்ல தெரிவு" என்றார்கள். அந்த வெள்ளைக் கோடு தண்ணீர் குடிக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாத விசயமா? டைலின் முகத்தில் கண்ணாடி மாதிரிப் பூச்சு இருக்கிறது, அதில் எதுவும் லேசில் ஏறாது. இடையில் நிரப்புகிற கிரவுட் வெறும் சிமெந்துக் கலவை. காய்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இருக்கும். எண்ணெய், மஞ்சள், சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்கும். கொழும்பு என்றால் வெயிலாவது அடிக்கும். எங்கள் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. கொடியில் போட்ட துணியே மூன்று நாளாகியும் காயாத இடத்தில், கிரவுட்டுக்குள் இறங்கிய ஈரம் எங்கே போகும்? முதல் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துக் குளியலறைக் கோடுகள் கறுத்தன. குசினியில் தேத்தண்ணி சிந்திய கோடுகள் பழுப்பாயின. அந்த நிறம் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கொழுந்து பறித்த காலத்தில் அவர் விரல்களில் ஏறியிருந்த கறை அதே நிறம். வேலையை விட்டு ஒரு வருசமான பிறகுதான் அது கையை விட்டுப் போனது.

டைல்ஸ் பதித்த பாஸைக் கூப்பிட்டுக் காட்டினோம். "நீங்க கழுவுற விதம் சரியில்லம்மா" என்றவர், அசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். ஊற்றினோம். முதல் தடவை வெள்ளையானது, உண்மைதான். அசிட் சிமெந்தைத் தின்னும் என்பது சிமெந்தோடு புழங்குகிறவருக்குத் தெரியாதா? மூன்றாம் தடவைக்குப் பிறகு கோடுகள் பள்ளமாகி, மணல் மாதிரி உதிரத் தொடங்கின. அழுக்கு அந்தப் பள்ளத்தில் இன்னும் சுகமாகக் குடியேறியது. (அசிட்டோடு குளோரினும் சேர்ந்தால் எழும் புகை நெஞ்சை அடைக்கும், ஆளையே கொன்றுவிடும். அதையும் அவர் சொல்லவில்லை.)

அதன்பிறகு அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் குசினி எட்டடிக்குப் பத்தடி, ஓரடி டைல்ஸ். நெடுக்கும் குறுக்குமாக ஓடும் கோடுகளை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். 142 அடி வந்தது. மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலை மடக்கி, ஒரு பலகைக்கட்டையில் உட்கார்ந்து, சனிக்கிழமை தோறும் அந்த 142 அடியையும் அம்மா தேய்த்தார். கை எட்டும் தூரம் முடிந்ததும் பலகையை ஓரடி நகர்த்துவார். பிரஷைக் கொடுங்கள் என்று நான் கேட்டால், "நீ இருக்கறதையும் பேத்துருவ, போ" என்பார். நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த மனுசி, ஓய்வுக்காலத்தில் தன் சொந்தக் குசினியில் நிரை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கிரவுட் போட்டதோடு பையைக் கட்டாதீர்கள். காயவிட்டு, இன்னொரு நாள் வந்து, சீலர் பூசிக் கொடுங்கள். அதற்கான கூலியை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். தரமாட்டோம் என்றா சொல்கிறோம்?

தரைக்குப் பூசுவதும் மெழுகுவதும் எங்கள் ஆட்களுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். மண் தரையைச் சாணி போட்டு மெழுகியவர்கள். சிமெந்துத் தரை வந்ததும் சிவப்பு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலில் வைத்துத் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கியவர்கள். டைல்ஸ் கோட்டுக்கும் ஒரு பூச்சு வேண்டும் என்று சொல்லியிருந்தால், அம்மா ஏன் எதற்கு என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் இந்தப் பெப்ரவரியில், வெயில் அடித்த நாட்களாகப் பார்த்து, பழைய கிரவுட்டை நானே சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். சீலர் போத்தலில் மூன்று நாள் காயவிடச் சொல்லியிருந்தது. எங்கள் குளிருக்கு இரண்டு கிழமை விட்டேன். சின்னப் பிரஷால் கோட்டில் மட்டும் பூசினேன். டைலில் பட்டதைக் காயும் முன் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாகப் படலம் படியும். ஒரு டைலில் நான் விட்ட பிழை இன்னும் தெரிகிறது. இரண்டாம் பூச்சும் போட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கோடு கறுக்கவில்லை, தண்ணீர் அதன் மேல் முத்தாக நின்றது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "சேம்பு எல மாதிரி இருக்கே" என்றார். உடைசலுக்கென்று நீங்கள் கூட வாங்கவைத்து, இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற டைல்ஸ் பெட்டியைவிட அந்தப் போத்தல் விலை குறைவு.

போத்தலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதில் இங்கிலீஷ் இருந்தது, சிங்களத்தில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது, தமிழ் இல்லை. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் சேர்த்தது 1987 இல். நாங்கள் பறித்த கொழுந்து பெட்டியில் ஏறிக் கடல் தாண்டும்போது அதில் அரபு இருக்கிறது, ரஷ்ய மொழி இருக்கிறது. எங்கள் ஊருக்கு வரும் போத்தலுக்கு மட்டும் தமிழ் எழுத இடம் போதவில்லை. கடையில் காசு கொடுக்கும்வரை நல்ல தமிழில்தான் பேசுகிறீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டியது மட்டும் ஏன் வேறு மொழியில்? சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன், மன்னிக்க வேண்டும்.

சீலர் ஒன்றும் மந்திரத் தண்ணீர் இல்லை என்பது எனக்கும் தெரியும். குளியலறையில் ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒருதரம் மறுபடி பூச வேண்டிவரும். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசவேண்டியதைப் பூசாமல் விட்டால், மேலே சீலர் போட்டுப் பயனில்லை. எபொக்சி கிரவுட் என்றால் சீலரே தேவைப்படாது, ஆனால் விலை கூட. இதையெல்லாம் விற்கும்போதே சொல்லுங்கள், எது கட்டுப்படியாகும் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து சீலர் கேட்டவருக்குத் தரை பளபளக்கும் திரவத்தை எடுத்து நீட்டாதீர்கள். எனக்கு ஒரு கடையில் அதுதான் கிடைத்தது. டைல் வழுக்கியது, கோடு பழையபடி தண்ணீர் குடித்தது.

முதலாளிமாரே, பில்லோடு தமிழில் நாலு வரி எழுதிய ஒரு துண்டு கொடுங்கள். பாஸ்மாரே, உங்கள் கைவேலையில் எங்களுக்குக் குறை இல்லை. அம்மாவின் குசினியில் ஒரு டைல்கூட மட்டம் பிசகவில்லை. ஒரு நாள் திரும்பி வாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பக்கத்து வீட்டு அக்காவின் குசினிக் கோடுகள் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. மழை பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அந்த வேலையைச் செய்த பாஸ் இதை வாசித்தால், ஒரு காலைப்பொழுது வந்துபோகட்டும். என்னிடம் பாதிப் போத்தல் சீலர் மிச்சம் இருக்கிறது, அவர் கையில் வாங்கிவரத் தேவையில்லை.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்