16 பிஆர் என்றால் 16 அடுக்கு இல்லை: எங்கள் லாரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

பத்து நாளாக லாரிக்காரர்களின் வாட்ஸப் குரூப்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள், புதுவயல் ரைஸ் மில்களுக்கு லோடு அடிக்கும் மூன்று பேர் அதை எனக்கே அனுப்பிவைத்தார்கள். வெடித்த டயர் ஒன்றை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அறுத்த இடத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டி, "பதினாறு பிளைன்னு சொல்லி வித்தான், உள்ளே பாருங்க, ஒரே ஒரு பிளை" என்று ஒருவர் பேசுகிறார். கடைப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் காரைக்குடியில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, ஆளை வைத்துக் கடையையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கடைதான். டயரும் நாங்கள் விற்றதுதான்.

விலை கூட என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஃபிட்டிங் சரியில்லை என்றாலும் சரி என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஏமாற்றினான் என்ற சொல்தான் தூங்கவிடவில்லை. அப்பா இந்தக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், டயரை உருட்டிவிடுவதற்கு முன்னால் ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் மேல் சாக்பீஸைத் தேய்த்து, கறுப்பில் வெள்ளையாக எழுந்து நிற்கும் எண்களை வாங்க வந்தவருக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டித்தான் கொடுப்பார். கூட்டம் கூடிப்போனதில் நான் அதை விட்டுவிட்டேன். அது என் தவறு. அதனால் அந்தச் சாக்பீஸ் வேலையை இந்த மடலில் செய்கிறேன்.

முதலில் அந்தப் பதினாறு. பிஆர் என்பது பிளை ரேட்டிங். முன்பு டயருக்குள் பருத்தி நூல் துணி வைத்துச் செய்தார்கள், அப்போது எத்தனை பிளை என்று சொன்னார்களோ அத்தனை அடுக்கு உள்ளே இருந்தது. அப்புறம் நைலான் வந்தது, இரும்புக் கம்பி வந்தது. ஒரு அடுக்கு இரும்புக் கம்பி பல அடுக்குப் பருத்தியின் பாரத்தைத் தாங்கும் என்பதால் அடுக்கு குறைந்துவிட்டது, எண்ணிச் சொல்லும் பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு 16 பிஆர் என்றால் பழைய கணக்கில் பதினாறு அடுக்கின் பலம் என்று அர்த்தம், அடுக்கின் எண்ணிக்கை இல்லை. ரேடியல் டயரின் பக்கவாட்டில் ஒரே ஒரு வரிசைக் கம்பிதான் இருக்கும், அறுத்துப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தெரியும். தரையில் படும் பட்டன் பகுதிக்கு அடியில் அந்த வரிசையோடு கூட, பெல்ட் என்று சொல்லும் இரும்புக் கம்பிப் பட்டைகள் மூன்று நான்கு இருக்கும். இதை யாரும் மறைக்கவில்லை. அதே டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் சைடுவால் 1 பிளை ஸ்டீல் என்று கம்பெனியே அச்சடித்திருக்கிறது. அவர் அறுத்துக் கண்டுபிடித்தது அங்கே எழுதியே இருக்கிறது!

அந்த டயரை நானும் கையில் தொட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒன்றரை அடி நீளத்துக்குக் கம்பிகள் ஒரே கோட்டில் அறுந்து, ஜிப் திறந்த மாதிரி பிளந்திருந்தது. காற்று குறைந்து ஓடும்போது பக்கவாடு மடிந்து மடிந்து நிமிரும், ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வளைத்தால் ஒடிவது மாதிரி உள்ளே ஒவ்வொன்றாக ஒடியும். பாரம் கூடினாலும் அதே கதைதான். இதை அவரிடம் சொன்னபோது பேச்சு தடித்துவிட்டது, நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. அண்ணே, அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே பார்க்க வேண்டிய எண் வேறு, அதை யாரும் பார்ப்பதில்லை. 10.00 ஆர் 20 என்பதில் 10 டயரின் அகலம் அங்குலத்தில், ஆர் என்றால் ரேடியல், அந்த இடத்தில் கோடு இருந்தால் நம்மாட்கள் சொல்லும் நைலான் டயர், 20 என்பது டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டும் இரும்புச் சக்கரத்தின், குறுக்களவு அங்குலத்தில். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பக்கத்தில் 146/143 கே என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் பாரம். 146 என்றால் ஒற்றையாகப் போடும்போது ஒரு டயர் 3000 கிலோ தாங்கும், 143 என்றால் ஜோடியாகப் போடும்போது ஒரு டயர் 2725 கிலோ. கே என்பது வேகம், மணிக்கு 110 கிலோமீட்டர். இப்போது பின்னால் நாலு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலைக் கணக்குப் போடுங்கள், நாலு 2725 சேர்ந்தால் 10,900 கிலோ. 2018 ஜூலையில் அந்த ஆக்ஸிலுக்கு அரசு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சட்டம் விடுகிறது, டயர் 600 கிலோ முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதே அளவில் 149/146 என்று போட்ட 18 பிஆர் டயர் ஜோடியில் தலைக்கு 3000 தாங்கும், நாலுக்கு 12 டன். ஆத்தங்குடி கல்லோ, எம்-சாண்டோ, நெல்லோ, முழு லோடு ஏற்றுகிறவர்கள் விலை கொஞ்சம் கூட என்றாலும் இதைப் பார்த்து வாங்குங்கள். அவர் 16 பிஆர் கேட்டார், கேட்டதைக் கொடுத்தேன். என்ன லோடு அண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

295/80 ஆர் 22.5 போட்ட புது வண்டிக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 295 மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் நூற்றுக்கு எவ்வளவு என்பது, அதாவது 236 மில்லிமீட்டர். இது டியூப் இல்லாத டயர், இதன் டிஸ்க்கே வேறு, 20 அங்குல டிஸ்க்கில் ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜோடி டயரில் ஒன்று புதுசு ஒன்று தேய்ந்தது என்று போடுவதையும் நிறுத்துங்கள். உயரமான டயர் கூடுதல் பாரத்தை வாங்கிச் சூடாகும், குட்டையானது இழுபட்டுத் தேயும்.

ஓரத்தில் நாலு இலக்கம் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 3823 என்றால் 2023-ன் 38-வது வாரம். அந்த டயரில் இருந்ததும் அதுதான், விற்றபோது இரண்டு வருடம் தாண்டியிருந்தது, நிழலில் வைத்திருந்த டயர்தான், ஆனாலும் சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

வீடியோ வந்த மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்பே, தேவகோட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பழைய பில்லையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்று, "உங்கப்பா காலத்துலேருந்து இங்கேதான், இனியும் இங்கேதான்" என்று சொல்லி இரண்டு முன் டயருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அப்படி எத்தனை பேர் போன் செய்தீர்கள், ஒருவர் விடாமல் நினைவில் இருக்கிறது. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வீடியோ எடுத்த அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கடைக்கு வாருங்கள், எங்களிடம் இருக்கும் எந்த டயரையும் நீங்களே கைகாட்டுங்கள், சாக்பீஸ் தேய்த்து வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன். வேறு கடையில் வாங்கிய டயராக இருந்தாலும் காற்றும் எண்ணும் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டோம். பெரிய ஃபிட்டர் சிங்கப்பூர் போய்விட்டதால் இப்போதைக்கு மாலை 6 மணிக்கு மேல் ஃபிட்டிங் இல்லை, அதற்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டயர் கடைக்காரன்,
காரைக்குடி