நீ கேட்ட குழலைப் பற்றி

கல்லடி,
வைகாசிக் கடைசி வெள்ளி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. அம்மன் சடங்கு தொடங்கிக் குளிர்த்தி முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். உட்கார்ந்து எழுத ஒரு மேசை மூலைகூட மிஞ்சவில்லை. மூத்தவளுக்கு இடமாற்றம் கிடைத்து இங்கேயே வந்துவிட்டாள். மனைவிக்குக் கால் உளைவு அப்படியேதான் இருக்கிறது. வீட்டுப் புதினம் இவ்வளவுதான்.

தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நெல் விலைக்குப் போய்விட்டாய். நான் அந்த வரியை விட்டு நகரவில்லை மச்சான். ஆசிரியர் கலாசாலை நாட்களில் விடிய விடிய வடமோடிக் கூத்து ஆடிவிட்டு, மறுநாள் காலை வகுப்பில் தேவாரம் பாடச் சொன்னாலும் தொண்டை கட்டாமல் பாடியவன் நீ. அதனால்தான், "பேரனுடைய ரெக்கோடரை ஊதிப் பார்த்தேன், காதைக் குத்துகிறது, விரல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, நீ எதைத்தான் ஊதுகிறாய்?" என்று நீ கேட்டதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: ஊதலாமா என்று உன் டொக்டரிடம் கேட்டுக்கொள். அவர் சரி என்றால் மிச்சத்தை வாசி.

ரெக்கோடர் என்பது நேராகப் பிடித்து நுனியில் ஊதும் குழல். உன் பேரன் வைத்திருப்பது அதில் சின்னது. பள்ளிக்கூடத்தில் அதை டெஸ்கண்ட் என்பார்கள், பெட்டியில் சொப்ரானோ என்று அச்சடித்திருக்கும். ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் நீளம். நான் ஊதுவது அதற்கு மூத்தது, ஆல்ட்டோ. சிலர் ட்ரெபிள் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஏறக்குறைய 47 சென்ரிமீற்றர். சின்னதின் ஆக அடிச்சுரம், மேல்நாட்டுச் சுரப்பெயரில், ஸி, இதற்கு அதைவிட ஐந்து சுரம் கீழே உள்ள எஃப். அந்த ஐந்து சுரத்தில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. சின்னதில் மேலே போகப் போக விசில் மாதிரிக் கீச்சிடும். ஆல்ட்டோ பேசுகிற குரலுக்குக் கிட்ட வரும். உன் குரலைவிட ஒரு ஸ்தாயி மேலேதான், ஆனாலும் வட்டமான, மூச்சு கலந்த நாதம். இரவு எட்டு மணிக்கு விறாந்தையில் இருந்து ஊதினாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்பு குழம்பாது. துளைகளும் அகலமாகத் தள்ளி இருக்கின்றன. நம்மைப் போன்ற தடித்த விரல்காரருக்கு இதுதான் தோது.

பிள்ளைகள் ஊதும் பிளாஸ்டிக் சாமான் என்று நினைத்துவிடாதே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் குழல் என்றாலே பெரும்பாலும் இந்த அளவுக் குழல்தான். அந்தக் கால இசையமைப்பாளர்கள் ஹாண்டெலும் டெலமானும் இதற்கென்றே சொனாட்டா என்ற இசைப் படைப்புகள் எழுதினார்கள். பிறகு குறுக்கே பிடித்து ஊதும் புல்லாங்குழல் வந்து இதை ஓரம் தள்ளிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்ததை இங்கிலாந்தில் பழைய வாத்தியங்கள் செய்த ஆர்னல்ட் டொல்மெட்ச் 1919இல் திரும்பச் செய்து காட்டினார். பள்ளிக்கூடங்களுக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

ஏன் பிளாஸ்டிக் என்று கேட்பாய். மரத்தில் நல்லது வேண்டுமென்றால் விலை பல மடங்கு. அதுவும் நம் உப்புக்காற்றில் மரக்குழலுக்கு எண்ணெய் பூச வேண்டும், புதிதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பழக்க வேண்டும், வெடிக்குமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல கம்பனியின் பிளாஸ்டிக் குழல் வாங்கின அன்றே சுருதியோடு பேசும். நூறு எடுத்தாலும் நூறும் ஒரே மாதிரி இருக்கும். மலிவு மரக்குழலைவிட நல்ல பிளாஸ்டிக் எத்தனையோ மேல் என்பதை நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் சரிவராது. நான் முதலில் வாங்கியது ஒரு கடையில் பொம்மைகளோடு தொங்கிய பெயரில்லாத ஒன்று. மூன்று மாதம் என் காதையே சந்தேகப்பட்டேன். பிறகு போனில் சுருதி பார்க்கும் அப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், குழல்தான் பிழை. இரண்டாவது, யப்பானில் வேலை செய்கிற மருமகன் கொண்டுவந்த யமஹா, வைஆர்ஏ 302பி. இப்போது கையில் இருப்பது அதுதான். அதைவிடக் குறைந்த விலையில் 28பி என்று ஒன்று உண்டு, தொடங்குவதற்கு அதுவே போதும். அவுலோஸ் கம்பனியின் 509பி, 709பி இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை. ஸென்-ஒன் கம்பனி செய்வது, 300 வருடத்துக்கு முன் லண்டனில் குழல் செய்த பிரெசானின் மாதிரியை வைத்து.

அந்தப் "பி" எழுத்தைக் கவனி. குழலில் விரல் முறை இரண்டு உண்டு, பரோக், ஜேர்மன். பி என்றால் பரோக். ஜேர்மன் முறையில் நாலாவது சுரம் லேசாக வரும், அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இனிக்கும். ஆனால் அதற்கடுத்த அரைச்சுரங்களில் பழிவாங்கிவிடும். பெட்டி இல்லாமல் குழல் மட்டும் கையில் கிடைத்தால், முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணிப் பார். நாலாவது துளை ஐந்தாவதைவிடச் சின்னதாக இருந்தால் பரோக். ஐந்தாவது சின்னதென்றால் ஜேர்மன், வைத்துவிட்டு வந்துவிடு.

சரி, ஊதுவதற்கு வருவோம். நான் அதிகம் கஷ்டப்பட்டதும் இங்கேதான்.

நம்மைப் போல நாற்பது வருடம் வகுப்பில் கத்தினவர்களுக்கு மெல்ல ஊதுவது கடினம். குழலை வாயில் வைத்ததும் நெஞ்சு நிறைய இழுத்துத் தள்ளினேன், கீச்சென்றது. ஒருநாள் மூக்குக்கண்ணாடி துடைக்கும்போதுதான் பிடிபட்டது. கண்ணாடியில் ஆவி படிய "ஹா" என்று ஊதுகிறோமே, அந்த மூச்சு போதும். அடிச்சுரங்களுக்கு அதைவிடவும் மெதுவாக. ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு நுனியால் "து" என்று தொட்டுத் தொடங்கு. நாதஸ்வரக்காரர் துத்துக்காரம் என்பார்களே, அதன் இளைய தம்பி என்று வைத்துக்கொள். "து" சொன்னபின் மூச்சை ஒரே அளவில் விடு. நம் புல்லாங்குழலில் உதடுதான் எல்லாம், சத்தம் வரவே மாதக்கணக்காகும். இதில் காற்றுப் போகும் வழியை முன்னமே செதுக்கி வைத்திருக்கிறார்கள், முதல் நாளே பேசும். ஆனால் மூச்சு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். கமகமும், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பதும், நம் குழலில் போல வழுக்கிக்கொண்டு வராது. துளையை அரைகுறையாக மூடிக் கொஞ்சம் செய்யலாம். அதை நான் உனக்கு மறைக்கக் கூடாது.

இடது கை மேலே, வலது கை கீழே, இது மாறவே கூடாது. அடிச்சுரத்தில் தொடங்காதே. எட்டுத் துளையையும் ஒரே நாளில் மூடப் பார்த்து நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். பின்னால் பெருவிரல், முன்னால் இடது கையின் மூன்று விரல், அது ஸி. மோதிர விரலை எடு, டி. நடுவிரலையும் எடு, இ. இந்த மூன்றையும் ஒரு கிழமை ஊது. மறுகா வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கு. கீச்சிட்டால் மூச்சைக் குறை சொல்லுமுன் விரலைத் திருப்பிப் பார். விரல் சதையில் துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். பிறைபோலப் பதிந்திருந்தால் காற்று ஒழுகுகிறது. எனக்கு எப்போதும் வலது மோதிர விரல்தான். அடியில் இருக்கும் சின்னத் துண்டைச் சுண்டுவிரல் எட்டுமளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம், அது திருப்புவதற்குத்தான் தனித் துண்டாக இருக்கிறது.

இனி உனக்குப் பிடிக்கப்போகிற விஷயம். எஃப் அடிச்சுரத்தை ஸட்ஜமாக, அதாவது "ஸ"வாக வை, நம் சுருதிக் கணக்கில் நாலு கட்டை. எஃப், ஜி, ஏ, ஸி, டி: இதுதான் மோகனம். கடினமான நாலாவது சுரம் இதில் வரவே வராது. அதே ஐந்து சுரத்தை ஜியில் தொடங்கி ஊது, மத்தியமாவதி. ஏயில் தொடங்கினால் இந்தோளம். ஸியில் தொடங்கினால் சுத்த சாவேரி. டியில் தொடங்கினால் சுத்த தன்யாசி. புதிதாக ஒரு விரல்கூடப் பழகவில்லை, ஐந்து இராகம் கையில் இருக்கிறது! உன் காரைதீவுப் பக்கம் பிறந்த விபுலாநந்த அடிகள் தன் இசை ஆராய்ச்சி நூலான யாழ் நூலில், தொடங்கும் சுரத்தை மாற்றிப் புதிய பண் பெறும் பாலைத் திரிபு பற்றி ஒரு இயலே எழுதியிருக்கிறாரே, அதை நான் கலாசாலையில் சோதனைக்காக மனப்பாடம் செய்தேன். விளங்கியது இந்தக் குழலில், அறுபத்திரண்டு வயதில். அன்றிரவு தூங்கவில்லை.

தேவாரம் ஊத வேண்டுமென்றால் ஸியை ஸட்ஜமாக வை, ஒரு கட்டை. அப்போது கீழே மந்திர மத்திமம், அதாவது கீழ்ஸ்தாயி "ம" வரை இறங்க இடம் இருக்கும். மேல்ஸ்தாயிக்கு, பின்னால் இருக்கும் பெருவிரலை மடக்கி நகத்தடியில் ஒரு கீற்று மட்டும் திறக்க வேண்டும். அகலமாகத் திறந்தால் வராது. இதற்கு எனக்கு ஆறு மாதம் போனது, அவசரப்படாதே.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள். வெயிலில் சுருதி ஏறும். ஹார்மோனியத்தோடு சேர்த்து ஊதும்போது தலைத்துண்டை இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே இழுத்துக்கொள். ஓட்டோவுக்குள் வெயிலில் விட்டுவிடாதே, வளைந்துவிடும். மார்கழி மழைக்குளிரில் மூச்சின் ஈரம் காற்றுப் பாதையில் துளியாகக் கட்டிச் சத்தம் அடைக்கும். அப்போது தலைத்துண்டில் சத்தம் பிறக்கும் சதுர வாயை விரலால் மூடிக்கொண்டு ஒருமுறை பலமாக ஊதினால் வெளியேறும். கடற்கரையில் ஊத ஆசைப்படாதே. கல்லடிக் கடற்கரையில் முயன்றேன், காற்று அந்தச் சதுர வாயில் பட்டுச் சத்தத்தையே கொண்டுபோய்விட்டது. சீனி போட்ட பிளேன்ரீ குடித்த வாயோடு ஊதாதே, எறும்பு வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவு, அவ்வளவுதான் பராமரிப்பு.

மருமகன் ஆனிக் கடைசியில் வருகிறான். நீ ஓம் என்று ஒரு வரி எழுதினால் இன்னொரு குழல் கொண்டுவரச் சொல்கிறேன். காசைப் பற்றி இப்போது கதைக்காதே. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நான் எப்படியும் திருக்கோவில் ஊருக்கு வருகிறேன். இரண்டு குழலையும் கொண்டு வருவேன். உன் கூத்து வரவுப் பாட்டில் ஒன்றை எடுத்து இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது அடியில் ஒரு வளைவு எனக்குப் பிடிபடவில்லை. நீ பாட வேண்டாம், கையால் தாளம் போட்டு எந்த இடத்தில் ஏறுகிறது என்று மட்டும் காட்டு.

இடது கைப் பெருவிரல் நகத்தை வெட்டி வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்