85 வயதைத் தாண்டியவர்களையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் முதுமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நூறு வயதைத் தொட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சரி, படிக்கச் சுவைதான். ஆனால் 85, 90 வயதில் இருக்கிறவர்களின் அன்றாடம் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. அதை வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் 2006-ல் தொடங்கியது ஒன்று. 1921-ல் பிறந்தவர்களை 85 வயதில் சேர்த்துக்கொண்டு, செவிலியர்கள் அவரவர் இருக்கும் இடத்துக்கே போனார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர், ஞாபகம் தப்பியவர் என்று யாரையும் ஒதுக்கவில்லை. இது பெரிய விஷயம். மருத்துவமனைக்கு வரச் சொன்னால் நடக்கத் தெம்பு உள்ளவர்கள்தான் வருவார்கள். அவர்களை மட்டும் எண்ணிவிட்டு முதியோர் சௌக்கியம் என்று எழுதினால் அது பாதி உண்மைகூட இல்லை.

அங்கே நோயே இல்லாதவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை. நோய்களின் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கிற ஆணுக்கு 4, நடுவில் நிற்கிற பெண்ணுக்கு 5 நோய்கள். அப்படியிருந்தும், உங்கள் வயதுக்காரர்களோடு பார்த்தால் உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, நான்கில் மூன்று பேருக்கு மேல் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். மருத்துவக் குறிப்பை மட்டும் புரட்டியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்குமா?

அப்புறம், எந்த வேலை முதலில் கைவிட்டுப் போகிறது என்றும் பார்த்தார்கள். கால் நகம் வெட்டுவது! தானே எடுத்துச் சாப்பிடுவதுதான் கடைசிவரை நிற்கிறது. யோசித்தால் புரிகிறது. நகம் வெட்டக் குனிய வேண்டும், கண் தெரிய வேண்டும், விரலில் பிடி வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர் நகவெட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார், உதவி என்று கேட்க மாட்டார். நாங்களாகக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால்தான் உண்டு. எந்த ரத்தப் பரிசோதனையிலும் இது தெரியாது.

நியூசிலாந்தில் 2010-ல் தொடங்கிய ஆய்வில் மற்றவர்களை 85 வயதில் சேர்த்தவர்கள், அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களை மட்டும் 80 முதல் 90 வயது வரை சேர்த்தார்கள். அவர்களில் 85-ஐ எட்டுகிறவர்கள் குறைவு என்பதே காரணம். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று வைத்திருந்தால் அந்த மக்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

'60 வயதுக்கு மேல்' என்று ஒரே கட்டத்தில் 62 வயதுக்காரரையும் 92 வயதுக்காரரையும் போடுகிற வழக்கத்தை உங்கள் இதழாவது விட வேண்டும். அடுத்த முறை முதுமை பற்றி எழுதும்போது, காது கேட்காதவர், படுக்கையில் இருப்பவர் பக்கத்திலும் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்