பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சினிமா, தொலைக்காட்சி, வீடியோ கேம் என்று இந்தத் துறைகளுக்கு ஆள் தயார் செய்யும் பயிற்சிகள் பெருகிக்கொண்டே போகின்றன. நல்லதுதான். ஆனால் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் கேமரா, லைட்டிங், எடிட்டிங் மென்பொருள், கேம் எஞ்சின் என்று பெரும்பாலும் கருவிகளின் பெயர்களாகவே இருக்கின்றன. மாணவர் செய்துவைத்திருக்கும் வேலையை விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, இது ஏன் எடுபடவில்லை என்று பேசுவதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடினால் அது மட்டும் கிடைப்பதில்லை. இருபது வருடமாக எடிட்டிங் அறையில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அசிஸ்டென்டாகச் சேர்ந்த புதிதில் ஒரு காட்சியை வெட்டி என் சீனியரிடம் காட்டினேன். அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சி. யார் பேசுகிறாரோ அவர் முகத்தையே வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்ததே தவிர அந்த அம்மாவின் மனதில் என்ன ஓடுகிறது என்பது எங்குமே இல்லை. "அவன் பேசும்போது அவள் முகத்தில் நில். பதில் சொல்வதற்கு முன்னால் மூச்சை இழுக்கிறாள் பார், அந்த 12 ஃபிரேமை நீ தூக்கி எறிந்துவிட்டாய்" என்றார். சினிமாவில் 24 ஃபிரேம் ஒரு வினாடி. ஆக, அரை வினாடி. அதைத் திரும்ப வைத்ததும் வேறு காட்சியாகிவிட்டது. எந்தக் கையேட்டிலும் இந்தப் பதில் இருக்காது, அந்த ஒரு காட்சிக்கு மட்டுமே உரிய பதில் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவர் கடைசி வரை மவுஸைத் தொடவே இல்லை. வெட்டியது, திருப்பி வைத்தது எல்லாம் என் கை.

ஃபிலிமில் வெட்டிய காலத்தில் அசிஸ்டென்ட் அதே அறையில் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்வார். துண்டுகளை எடுத்துக் கொடுக்க, கழித்ததைக் கொக்கியில் வரிசையாக மாட்டி வைக்க ஆள் வேண்டுமே. எடிட்டர் எந்த டேக்கை ஒதுக்குகிறார், இயக்குநரோடு எதற்காக மல்லுக்கு நிற்கிறார், எப்போது விட்டுக்கொடுக்கிறார் என்பதெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலே காதில் விழும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அசிஸ்டென்ட் வேறு அறைக்குப் போய்விட்டார், பல இடங்களில் இரவு ஷிஃப்டுக்கே போய்விட்டார். எடிட்டர் காலையில் வந்து உட்காரும்போது கோப்புகள் தயாராக இருக்கும், பையன் தூங்கப் போயிருப்பான். கம்ப்யூட்டரை நான் குறை சொல்லவில்லை. முன்பு தானாகக் கிடைத்ததை இனி திட்டம் போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கருவி இல்லாமலே சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. 1919-ல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் பாடம் நடத்திய லெவ் குலெஷோவ், ஃபிலிம் தட்டுப்பாடு இருந்த நாட்களில், 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்று மாணவர்களை மேடையில் நடிக்க வைத்தே பயிற்சி கொடுத்தார். பின்னாளில் பெரிய இயக்குநரான புதோவ்கின் அந்தப் பட்டறையில் இருந்தவர். அப்புறம் 1981-ல் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் தொடங்கிய சன்டான்ஸ் பட்டறை. புதியவர்கள் தங்கள் ஸ்கிரிப்ட்டோடு போவார்கள், சில காட்சிகளை ஒத்திகையாக எடுத்துப் பார்ப்பார்கள், மூத்த கலைஞர்கள் கூட இருந்து பேசுவார்கள். முதல் படத்துக்கு முன்னால் 1991-ல் அங்கே போன இயக்குநர் குவென்டின் டாரன்டினோவின் நீண்ட ஷாட்டுகள் முதலில் வந்த ஆலோசகர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வந்த குழுவில் இருந்த இயக்குநர் டெர்ரி கில்லியம் அதையே பாராட்டித் தைரியம் கொடுத்தார். டாரன்டினோவே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரே குருவிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழிகாட்டி குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒளிபரப்பில் தேவைப்படுவது வேறு மாதிரி. நான் வெட்டிய முதல் ஆவணப்படத்தை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பியது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 விதிப்படி நிகழ்ச்சியின் சராசரி ஒலியளவு மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். அப்படி ஒரு எண் இருப்பதையே அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம், எனக்கு மூன்று இரவுகள் போயின.

இன்டராக்டிவ் பக்கம், அதாவது கதை எப்படிப் போக வேண்டும் என்பதைப் பார்ப்பவரோ விளையாடுகிறவரோ தேர்ந்தெடுக்கும் படைப்புகளில், இன்னும் சிக்கல். ஒவ்வொரு கட்டத்திலும் பார்வையாளருக்கு இரண்டு வழி கொடுத்தால் பத்தாவது கட்டத்தில் 1,024 முடிவுகள் வந்து நிற்கும், யாராலும் அத்தனையும் எழுதி முடிக்க முடியாது. பிரிந்த கிளைகளை எங்கே திரும்ப ஒன்றாகச் சேர்ப்பது, சேர்த்தாலும் விளையாடுகிறவருக்குத் தன் தேர்வு வீணாகிவிட்டது என்று தோன்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவர்தான் சொல்ல முடியும். தன் கேமைப் பிறர் விளையாடிப் பார்க்கும்போது விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்பதுகூட ஒரு பயிற்சிதான். முதல் தடவை யாராலும் முடிவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? வழிகாட்டும் நேரத்தைப் பாடத்திட்டத்திலேயே எழுதுங்கள், அந்த நேரத்துக்கு வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுங்கள். சும்மா வரச் சொன்னால், வேலை வந்ததும் போய்விடுவார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. மாணவரின் படத்தைத் தன் படமாக மாற்றிவிடும் ஆளை அழைக்காதீர்கள். பயிற்சி முடிந்து முதல் வேலை வெளியே போகும் வரையாவது அந்தத் தொடர்பு இருக்கட்டும். எடுபிடி வேலை வாங்கிக்கொண்டு, சம்பளமும் தராமல், அதைப் பயிற்சி என்று சொல்வது நிற்க வேண்டும். இதில் எத்தனை நல்ல பிள்ளைகள் துறையை விட்டே போயிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டப் போகும் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், என் வேலையை யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பார்ப்பார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்