தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருப்பவர்களில் பலர் ஜெர்மனிக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன. “கிண்டர்கார்டனில் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். ஊரிலேயே எல்லாம் போட்டாச்சே, இன்னும் என்ன?” என்று கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது தட்டம்மை, அதாவது சின்னமுத்துக்கான ஊசியை. 2020 மார்ச் 1 முதல் இது இங்கே சட்டம். ஒரு வயது நிறைந்தால் ஓர் ஊசி, இரண்டு வயது நிறைந்தால் இரண்டு. சான்று இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். பள்ளிப் படிப்பு கட்டாயம் என்பதால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போகும், 2,500 யூரோ வரை அபராதமும் வரலாம்.

தமிழ்நாட்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசியை 9 மாதம் முடிந்ததும் ஒருமுறை, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒருமுறை போடுகிறார்கள். கணக்கு சரியாக வந்துவிடும். இலங்கையிலிருந்து வந்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே இரண்டாவது ஊசி 3 வயதில். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அங்கே எதையும் விடாமல் போட்டிருந்தாலும் இங்கே ஒன்று குறையும். முதல் ஊசி போட்டு 4 வாரமாவது ஆகியிருந்தால் அடுத்ததை இங்கேயே போட்டுக்கொள்ளலாம். எம்.ஆரில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து கிடையாது. அதற்காக மருத்துவர் இன்னும் ஓர் ஊசி சொன்னால் தயங்காமல் போடுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் அட்டையில்தான். ஒரு பிள்ளையின் அட்டையில் ஊசியின் பெயருக்கு நேரே டிக் மட்டும் இருந்தது, தேதி இல்லை. இங்குள்ள மருத்துவர்கள் எழுத்தில் இருப்பதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அட்டை பாட்டி வீட்டு பீரோவில் இருக்கிறதா? இன்றே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள், அசலை யாராவது வரும்போது கொடுத்துவிடச் சொல்லுங்கள். தொலைந்தே போயிருந்தால், ஊசி போட்ட இடத்தில் பதிவேட்டைப் பார்த்து எழுதித்தரக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் மறுபடி போடுவார்கள். முன்பே போட்ட தட்டம்மை ஊசியை இன்னொரு முறை போடுவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை; இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டையில் உள்ளதை எல்லாம் மஞ்சள் நிற இம்ப்பாஸில் (இங்குள்ள தடுப்பூசிப் புத்தகம்) ஏற்றித்தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இடது தோளில் உள்ள பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பையும் காட்டிவிடுங்கள். இங்கே 1998 முதல் அந்த ஊசி பரிந்துரையில் இல்லை. காசநோய்க்கான தோல் சோதனை செய்ய நேர்ந்தால் முடிவு குழப்பலாம். குழந்தை மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் 116117 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

நம் வகுப்பு வாசலில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் அம்மாக்கள் பலர். 11 மாதம் ஆகாத குழந்தைக்கு இங்கே பொதுவாக இந்த ஊசி போடுவதில்லை. சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டிருப்பதுதான் அதற்குக் காவல். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அட்டையைக் கொண்டுவாருங்கள். வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து பார்த்து, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஜெர்மனில் எழுதித்தருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்