மேடவாக்கம் வீட்டைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில், "எனக்கு எதுவும் வேண்டாம்ப்பா, வீட்டை அவரே வச்சுக்கட்டும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாய். நீ அழுதுகொண்டிருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரிவது என்று நீங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவை நான் கேள்வி கேட்கப் போவதில்லை. இங்கே திருநெல்வேலியில் யார் என்ன பேசினாலும் நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் கையெழுத்து விஷயம் என் தொழில். பத்திரம் எழுதித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

வீட்டை விட்டுக்கொடுப்பது உன் இஷ்டம். வீட்டுக் கடனை அப்படி விட்டுவிட்டு வர முடியாது பாப்பா. கிரயப் பத்திரத்தில் உன் பெயர் பாதிப் பங்குக்கு இருக்கிறது. கடன் ஒப்பந்தத்திலோ முழுத் தொகைக்கும் நீ பொறுப்பு. ஆளுக்குப் பாதி கட்டுவதாகப் பேசிக்கொண்டது உங்களுக்குள் மட்டும்தான். விவாகரத்து மனுவில் "இனி தவணையை அவரே கட்டுவார்" என்று எழுதினாலும் அது உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லையே.

சில வருடங்களுக்கு முன் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். விவாகரத்தின்போது வீட்டில் தன் பங்கைக் கணவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "இனி எனக்கு மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வாசகத்துக்குக் கீழே அவள் கையெழுத்து. அப்புறம் அந்த ஆள் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டான். கடன் கட்டாதவர் வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் இவள் பெயருக்கும் வந்திருந்தது. உறையைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே என் மேஜையில் வைத்தாள். வீட்டில் ஒரு செங்கல்கூட அவளுக்குச் சொந்தமில்லை, கடன் மட்டும் முழுசாக இருந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்துபோய், வேறு கடனும் கிடைக்கவில்லை. அந்த முகத்தை உன் முகமாக நினைத்துப் பார்க்க என்னால் முடியாது.

இன்னொன்று. "அஞ்சு வருஷம் கட்டியாச்சு, போனது போகட்டும்" என்றாயே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 லட்சம், 20 வருடம், வட்டி எட்டரை என்று வைத்தால் தவணை 43,391 ரூபாய். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டியது சுமார் 26 லட்சம். அதில் அசலில் கழிந்தது 6 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, மிச்சமெல்லாம் வட்டி. பாக்கி 44 லட்சம் நிற்கும். சரியான தொகைக்கு வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கு. வீட்டு விலைக்கு, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்க்காதே, அதே குடியிருப்பில் அண்மையில் விற்ற வீட்டின் விலையை விசாரி. 75 லட்சம் போகும் என்றால், கடன் போக 31 லட்சம் நிற்கிறது. முன்பணத்துக்கு நான் கொடுத்தது 9 லட்சம், அவர் அப்பா ஓய்வுப் பணத்திலிருந்து கொடுத்தது 4 லட்சம். அந்தப் பெரியவரின் பணத்தை மறந்துவிடாதே. இரண்டையும் முதலில் எடுத்து வைத்தால் மீதி 18 லட்சம், ஆளுக்கு 9. ஆக உனக்கு 18, அவருக்கு 13. இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பேசி முடிக்க வேண்டியது. எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். என் 9 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டாம், உன் பெயரிலேயே கிடக்கட்டும்.

வீட்டை அவர் வைத்துக்கொள்வதானால், அவர் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க வேண்டும். அவர் சம்பளம் ஒன்றே அதைத் தாங்குமா என்று வங்கி பார்க்கும். இந்த அளவுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தராது, அதனால் கொஞ்சம் கைப்பணமும் அவர் புரட்ட வேண்டிவரும். முடியாது என்றால் விற்றுவிடுங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களுடையது மாறும் வட்டிக் கடன், முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

புதுக் கடன் கொடுக்கிறவர்கள் முதலில் விடுதலைப் பத்திரத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அவர் பெயரில் கடன் அனுமதிக் கடிதம் வரட்டும். பழைய வங்கிக்குப் போகும் காசோலையும் உன் பங்குக்கான டிமாண்ட் டிராப்டும் தயாராகட்டும். அந்த எண்களைப் பத்திரத்திலேயே எழுதிய பிறகு கையெழுத்துப் போடு. டிராப்டை சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கையில் வாங்கு. பிறகு கடன் முடிந்ததற்கான கடிதத்தில் உன் பெயரும் இருக்கிறதா பார், சொத்தின் மேல் கடன் ஏதும் பதிவில் நிற்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழும் போட்டுப் பார்.

இதெல்லாம் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்னாலேயே முடிய வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்வரை குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரம். முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000-க்கு மேல் இல்லை, பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் இல்லை. தீர்ப்பு வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கிரயமாக எழுதினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, உன் பாதிப் பங்குக்கே மூன்று லட்சத்தைத் தாண்டும். பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு இருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வக்கீல் அவசரப்படுத்தலாம். வீட்டு வேலை முடியும்வரை பொறுக்கச் சொல்.

அவரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. இந்தக் கணக்கை அவரிடமே காட்டு. வேண்டுமானால் நானே அவரோடு பேசுகிறேன், என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். கிரயப் பத்திர நகல், கடன் ஒப்பந்தம், ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்து வை. அதுவரை யார் கொடுத்தாலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா